‘நின்று’ என்ற இடத்தில் நின்றுவிட்ட பாட்டு: வளர்ந்த பிறகு கவிதைக்குத் திரும்பியவர்கள் இருக்கிறீர்களா?

அரைநோட்டு (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டுவிட்டு, "மூணு நாலு மணி நேரத்துக்கு எதையும் படிக்க வராது, கண்ணை மூடி உட்காருங்க" என்று சொல்லிவிட்டார்கள். போனைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கையில் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வாய் தானாக எதையோ முணுமுணுக்க ஆரம்பித்தது.

*நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி*
*என்று தருங்கொல் எனவேண்டா – நின்று*

அவ்வளவுதான். ‘நின்று’ என்ற இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. அடுத்த வரி வரவில்லை. ஆனால் அதன் அசைவு மட்டும் வந்தது: தனனா தனதந்த தாதந்த தானத் என்று. வார்த்தை போய்விட்டது, அது இருந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து தேடியிருந்தால் ஒரு நொடியில் கிடைத்திருக்கும். வேண்டுமென்றே தேடவில்லை. இரண்டு நாள் கழித்து, பல் தேய்க்கும்போது, ‘தளரா வளர்தெங்கு’ என்று முழுசாக வந்து விழுந்தது. பிரஷ்ஷோடு நின்று சிரித்தேன்.

எட்டு ஒன்பது வயதில் நான் பாட்டுப் பைத்தியம். கவிமணியின் வெள்ளைப் பசுவும் அதன் கன்றும், அழ. வள்ளியப்பா பாட்டுகள் எல்லாம் வாயிலேயே இருக்கும். பதிமூன்று வயதோடு நின்றுபோனது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முப்பது வருஷமாக ஒரு கவிதை படித்ததில்லை. இப்போது திரும்ப வேண்டும் போல இருக்கிறது. இப்படித் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்கினீர்கள்?

---

கடைசிபெஞ்சு

அக்கா, அந்தப் பாட்டில் எனக்கும் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. கடைசி வரி ‘தலையாலே தான்தருத லால்’ என்று அச்சில் இருக்கும். ரொம்ப நாள் ‘லால்’ என்று ஒருத்தர் இருக்கிறார், அவர்தான் தலையில் தண்ணீர் சுமந்து வந்து தருகிறார் என்று நினைத்திருந்தேன். நல்ல மனுஷன் லால்.

---

அரைநோட்டு

அய்யோ! எனக்கு லால் இல்லை, ‘தாளுண்ட நீர்’. தாள் என்றால் நோட்டுத் தாள்தானே? தண்ணீரில் போட்ட தாள் தண்ணீரை உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சந்தேகமே வரவில்லை. தென்னை எதற்கு நடுவில் வருகிறது என்றுதான் புரியவில்லை. ‘தருங்கொல்’ என்பதில் யாரையோ கொல்லச் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் பயமும் உண்டு.

தாள் என்றால் அடி, கால். அடியால் குடித்த நீரை மரம் தலையால் இளநீராகத் திருப்பித் தருகிறது. போன வாரம்தான் இது உறைத்தது. முப்பத்தைந்து வருஷம் பொருள் தெரியாமலே ஒரு பாட்டை வைத்திருந்திருக்கிறேன்!

---

மௌனவாசிப்பு

இடையில் ஒரு மாற்றுக் கருத்து. கோபிக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வது கவிதை மீதான காதலா, சின்ன வயது மீதான ஏக்கமா? இரண்டும் ஒரே வாசனைதான், ஆனால் ஒன்றல்ல. பழைய சினிமாப் பாட்டைக் கேட்டாலும் இதே சிலிர்ப்பு வரும். தவிர, ‘உதவி செய், பலன் வரும்’ என்பது நீதி. அதை நாலு வரியில் அளந்து அடைத்தால் கவிதை ஆகிவிடுமா? எனக்குக் கவிதையைக் கெடுத்ததே மனப்பாடப் பகுதிதான். ஒரு கொம்பு, ஒரு கால் விடுபட்டாலும் மதிப்பெண் குறைப்பார்கள். இருபத்தைந்து வயதில் புதுக்கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கியதே, யாப்பு என்ற அளவுகோல் இல்லாமலும் கவிதை நிற்கும் என்று காட்டத்தான் என்பேன். அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 1962இல் வந்தது. திரும்புகிறவர்கள் அங்கே திரும்புங்கள். தென்னை மரத்துக்குத் திரும்பாதீர்கள்.

---

இரவல்பேனா

மௌனவாசிப்பு, ஏக்கம் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மனப்பாடம் கெடுத்தது என்பதை ஏற்க முடியவில்லை. கெடுத்தது மனப்பாடம் அல்ல, அதற்குப் பிறகு வந்த கேள்வித்தாள். அரைநோட்டு வாயில் முப்பத்தைந்து வருஷம் அந்தப் பாட்டைக் காப்பாற்றி வைத்தது மனப்பாடம்தானே? கண்ணுக்கு மருந்து விட்ட அன்று அவருக்குத் துணைக்கு இருந்தது அது ஒன்றுதான். உங்கள் பிச்சமூர்த்தி கவிதை எத்தனை வரி புத்தகமில்லாமல் சொல்வீர்கள்?

---

மௌனவாசிப்பு

ஒரு வரி. ஒரு வரிக்கும் கொஞ்சம் குறைவு. சரி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_தமிழய்யா

வணக்கம். முப்பத்தோராண்டு தமிழ் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

முதலில் அம்மா ‘நின்று’வில் நின்றது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அது தற்செயல் அல்ல. அந்தப் பாட்டு நேரிசை வெண்பா. ஔவையாரின் மூதுரையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக முப்பது வெண்பாக்கள், அவற்றில் முதலாவது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசிச் சீர் தனியாக ஒரு கோடு போட்டு நிற்கும். அதற்குத் தனிச்சொல் என்று பெயர். முதலிரண்டு அடிகளின் எதுகை அந்தத் தனிச்சொல்லிலும் வர வேண்டும். நன்றி, என்று, நின்று: மூன்றிலும் இரண்டாம் எழுத்து ‘ன்’. அதுவரை ஒரே ஓசை உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது. தனிச்சொல்லோடு கையை விட்டுவிடுகிறது. மூன்றாம் அடி ‘தளரா’ என்று புது ஓசையில் தொடங்குகிறது. ஞாபகம் வழுக்குகிற இடம் அதுதான். வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளைகள் அங்கேதான் விழிப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.

அந்தாதி எழுதியவர்கள் இந்த வழுக்கலைத் தெரிந்து வைத்திருந்தார்கள் போலும். ஒரு பாட்டு முடிந்த சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்கும். அபிராமி அந்தாதியின் நூறு பாட்டும் அப்படிக் கோத்தவை, ஒன்றை இழுத்தால் மற்றது வரும்.

இன்னொன்று. அம்மா சொன்ன ‘தனனா தனதந்த’ வெறும் முணுமுணுப்பு அல்ல. திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே சந்தக் குழிப்பு என்று அதைத்தான் அச்சிடுவார்கள். ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்பதற்கு ‘தத்தத்தன தத்தத் தனதன’. பொருள் ஒரு சொட்டும் இல்லாத எலும்புக்கூடு அது. அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அந்தக் குழிப்புத்தான்.

அலகிடுதலை, அதாவது பாட்டை அசை அசையாகப் பிரித்துப் பார்ப்பதை, நான் இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘அலகிட்டு வாய்பாடு தருக’, இத்தனை மதிப்பெண், அடுத்த கேள்வி. தேமா புளிமா என்று எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதைக் காதால் கேட்கத் தெரியாது. கேட்கச் சொன்னதும் இல்லை.

---

பகல்தூக்கம்

ஐயா, வெளிப்படையாகக் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். அலகிடுதல் எனக்குப் பள்ளியில் பயங்கரக் கனவு. அதைக் காதால் கேட்பது என்றால் எப்படி?

---

ஓய்வுபெற்ற_தமிழய்யா

சிரிக்கமாட்டேன். எளிதுதான்.

மேசையில் விரலால் தட்டுங்கள். தனியாக நிற்கிற எழுத்து, அது குறிலோ நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் வராவிட்டாலும், ஒரு தட்டு. அது நேர் அசை. குறில் ஒன்று வந்து உடனே இன்னொரு எழுத்தோடு சேர்ந்துகொண்டால் விரல் ஓடி இறங்கும். ‘தன’ என்பது போல. அது நிரை அசை. ‘நன்-றி’ என்றால் டக் டக். ‘தள-ரா’ என்றால் டடக் டக்.

வெண்பாவின் ரகசியம் ஒரு சீர் முடிந்து அடுத்த சீர் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஈரசையில் நேரில் முடிந்தால் (அது மாச்சீர்) அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் (விளச்சீர்) அடுத்தது நேரில். மூவசைக் காய்ச்சீருக்குப் பின்னும் நேர். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். இவ்வளவே. அம்மாவின் பாட்டில் பதினைந்து சீர், ஆறு மா, எட்டு காய், கடைசியில் ‘லால்’ என்று ஓரசை. சீரும் சீரும் சேரும் மூட்டுக்குத் தளை என்று பெயர். பதினான்கு மூட்டுகளில் ஒன்றுகூடத் தளை தட்டவில்லை.

கடைசிபெஞ்சு தம்பிக்கு: உங்கள் லால் அவதரித்ததும் இதனால்தான். ‘தருதலால்’ ஒரே சொல். வெண்பா ஓரசைச் சீரில் முடியலாம் என்பதால் ‘தான்தருத’ ஒரு சீர், ‘லால்’ ஒரு சீர் என்று வெட்டி அச்சிட்டிருக்கிறார்கள்.

---

கடைசிபெஞ்சு

முப்பது வருஷம் கழித்து லாலுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. நன்றி ஐயா.

கேலி இல்லை, இப்போது நிஜமாகவே மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

---

இரவல்பேனா

வளர்ந்த பிறகு திரும்பியவர்கள் பற்றித்தானே கேள்வி? எனக்குப் பிடித்த திரும்பல் ஏ.கே. ராமானுஜனுடையது. வீட்டில் தமிழ் பேசியவர், ஆனால் படித்ததும் எழுதியதும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். 1962இல், முப்பத்து மூன்று வயதில், சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்துக்குப் போகிறார், பழந்தமிழ் இலக்கணம் ஒன்று கிடைக்குமா என்று. கையில் சிக்கியது 1937இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பழைய பாடல் தொகுப்பு. அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐயரின் உரைநடை விளக்கம் புரிகிறது, அதைப் பிடித்துக்கொண்டு பாட்டும் திறக்கிறது. 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது. தேடிப் போனது வேறு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அந்த ஐயருக்கே இதே கதை உண்டு. 1880இல், இருபத்தைந்து வயதில், தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் ராமசாமி முதலியாரிடம் வரிசையாகச் சொல்கிறார். அவர் அசரவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்திருக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1887இல், சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாகவே வெளிவந்தது.

---

பகல்தூக்கம்

நமக்கெல்லாம் சிந்தாமணி வேண்டாம். ராத்திரி படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் கிடைக்கும். அதற்கு என்ன?

---

இரவல்பேனா

குறுந்தொகை. பெயரிலேயே குறுமை இருக்கிறது. கடவுள் வாழ்த்தைத் தவிர 401 பாட்டு, பெரும்பாலும் நாலடி முதல் எட்டடி வரை. ராத்திரிக்கு ஒன்று போதும். இரண்டாவது படிக்கத் தோன்றினால் படிக்காதீர்கள், முதலாவதையே மறுபடி படியுங்கள்.

பதம் பிரித்த பதிப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சீர் பிரித்து அச்சிட்டதில் லால் மாதிரி ஆட்கள் நிறைய வருவார்கள். இலக்கியங்களைச் சந்தி பிரித்துச் சாதாரண வாசகருக்காக அச்சிடுவதை 1950களில் மர்ரே எஸ். ராஜம் ஒரு வேள்வியாகவே செய்தார். இணையத்தில் என்றால் 1998இலிருந்து மதுரைத் திட்டம் மூலப் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது.

உரையை முதலில் திறக்காதீர்கள். இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், புரியாத சொல் புரியாமலே இருக்கட்டும். சின்ன வயதில் தாள் தண்ணீர் குடித்தது, லால் தலையில் சுமந்தார், யாருக்கு என்ன நஷ்டம்? பிறகு உரை பாருங்கள்.

---

மௌனவாசிப்பு

வாய்விட்டுப் படிப்பது பற்றி ஒரு சின்ன எதிர்ப்பு. சில கவிதைகள் கண்ணுக்கானவை. வரி எங்கே உடைகிறது, எங்கே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது என்பதும் ஓசைதான், ஆனால் காது அதைக் கேட்காது. என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரியும்.

அரைநோட்டு என் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஏக்கமா, காதலா?

---

அரைநோட்டு

தப்பிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது தைத்தது.

சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் தோன்றியது. சின்ன வயதில் தொடாத பாட்டு ஒன்றைப் படிப்பது. அதில் எதுவும் அசையவில்லை என்றால் வெறும் ஏக்கம். இரவல்பேனா சொன்னபடி குறுந்தொகையை எடுத்தேன். மூன்றாவது பாட்டு.

*நிலத்தினும் பெரிதே; வானினும் உயர்ந்தன்று;*
*நீரினும் ஆர் அளவின்றே*

எது? யாருக்கு? சொல்லவில்லை. நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம் என்று ஒருத்தி அளந்துகொண்டே போகிறாள், எதை அளக்கிறாள் என்று தெரியாமல் கூடவே போகிறேன். திடீரென்று மலைச்சாரல், கரிய கொம்பு, குறிஞ்சிப்பூ, தேன். உலகத்தையே அளந்துகொண்டிருந்த கண் ஒரு பூவில் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசிச் சொல்லில்தான் சொல்கிறாள்: நாடனொடு *நட்பே*. மூன்று தடவை படித்தேன். நாலே வரி. நான் கணக்கு வேலை பார்ப்பவள், மொத்தத்தைக் கடைசியில் போடுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இப்படி ஒரு மொத்தத்தைப் பார்த்ததில்லை.

இது என் சின்ன வயதில் இல்லாத பாட்டு. ஆகவே காதல்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏக்கமும் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பதிமூன்று வயதில் நின்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். கவிதை எழுதிய ஒரு நோட்டு வைத்திருந்தேன். பாதிதான் நிரம்பியிருந்தது, இங்கே என் பெயர் அதுதான். அது ஒருநாள் வகுப்பில் ஒருவர் கையில் சிக்கியது. குரலை மாற்றி, ராகம் போட்டு, எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பெரியவர், சொல்லிக் கொடுக்கும் இடத்தில் இருந்தவர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றோடு எழுதுவது நின்றது. படிப்பதும் கூடவே எப்படி நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

---

ஓய்வுபெற்ற_தமிழய்யா

அம்மா, அதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். நான் அப்படிச் செய்ததில்லை என்று சத்தியம் செய்ய எனக்கு ஆசை. முப்பத்தோராண்டில் எத்தனை நோட்டுகள் என் கைக்கு வந்தன, எதை என்ன குரலில் படித்தேன் என்பது நினைவில்லை. நினைவில்லை என்பதே ஒரு மாதிரி இருக்கிறது.

---

கடைசிபெஞ்சு

அக்கா, மிச்சப் பாதி நோட்டு இருக்கிறதுதானே? குறள் வெண்பா ஒன்று முயற்சி செய்யுங்கள். ஏழே சீர். இங்கே யாரும் ராகம் போட மாட்டோம். தட்டித்தான் பார்ப்போம்.

---

அரைநோட்டு

மூன்று நாள் ஆனது. மேசையில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது.

*மறந்த வரிவந்து வாசலில் நிற்கத்*
*திறந்தேன் கதவை மெல்ல*

---

கடைசிபெஞ்சு

மறந்த, திறந்தேன். எதுகை பலே! ஆனால் கடைசியில் தளை தட்டுகிறதே? ‘கதவை’ புளிமா. மாமுன் நிரை வர வேண்டும். ‘மெல்ல’ நேரில் தொடங்குகிறது. (நான்தான் இதைக் கண்டுபிடித்தேன் என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளவும்.)

---

ஓய்வுபெற்ற_தமிழய்யா

தம்பி சொன்னது சரி. இன்னொன்றும் உண்டு. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக வேண்டும். இங்கே நிரை வேண்டும் என்பதால் மலர் அல்லது பிறப்பு. ‘விரைந்து’ என்று போட்டால் பொருந்திவிடும்.

---

அரைநோட்டு

விரைந்து இல்லை ஐயா. நான் விரைந்து திறக்கவில்லை. இரண்டு நாள் தேடாமல் வைத்திருந்தேனே. யாப்புக்காகப் பொய் சொல்வதா?

---

மௌனவாசிப்பு

இதற்குத்தான் யாப்பை விட்டுவிடுங்கள் என்றேன். ‘மெல்ல’ என்றே இருக்கட்டும். தளை தட்டினால் தட்டட்டும், அந்தச் சத்தமும் கதவு திறக்கிற சத்தம்தான்.

---

இரவல்பேனா

அழகாகத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் ஒரு முறை கேட்டுப் பார்க்கிறேன். அரைநோட்டு, ‘பயந்து’ என்றால்? பயந்-து, பிறப்பு வாய்பாடு. ஓசை இடிக்காது.

---

அரைநோட்டு

இதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பதில் எழுதவில்லை.

*மறந்த வரிவந்து வாசலில் நிற்கத்*
*திறந்தேன் கதவை பயந்து*

நோட்டில் எழுதிவிட்டேன். ‘மெல்ல’வை அடித்திருக்கிறேன், ஆனால் தெரிகிற மாதிரி.

---

ஓய்வுபெற்ற_தமிழய்யா

கதவைப் பயந்து. ‘ப்’ மிகும் அம்மா. புளிமா புளிமாவாகவே இருக்கும், ஓசைக்கு ஒன்றும் ஆகாது. மன்னிக்கவும், பழக்கதோஷம்.

---

கடைசிபெஞ்சு

ஆனால் ‘ப்’ போட்டால் அக்கா கதவைப் பார்த்துப் பயந்த மாதிரி ஆகிவிடுகிறதே ஐயா?

---

அரைநோட்டு

இருக்கட்டும் தம்பி. அதையும் பார்த்துத்தான் பயந்தேன்.